மழை பெய்தால் திரும்பி வரும் வாடை

ஸ்கங்க் என்பது வட அமெரிக்காவில் வாழும் பூனையளவு விலங்கு, பயந்தால் வாலடியிலிருந்து நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும். எங்கள் பின்வாசலில் ஒன்று பீய்ச்சிவிட்டுப் போய் இருபது நாள் ஆகியிருந்தது. பின்வாசலை மூன்று முறை கழுவியாயிற்று. கதவைத் துடைத்தாயிற்று, படிகளைத் தேய்த்தாயிற்று. வாடை ஒழிந்தது என்று நாங்கள் இருவருமே நம்பிவிட்டோம். அன்று இரவு முழுக்க மழை. காலையில் சமையலறைக்குள் வந்த என் மனைவி அடுப்புப் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, கேஸ் லீக் ஆகுதா பாருங்க."

அடுப்பின் குமிழ்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தேன். அடுப்பைத் தாண்டி, குளிர்பெட்டியைத் தாண்டி, பின்வாசல் கதவின் முன்னால் வந்து நின்றேன். அதே வாடை. முதல் நாள் அளவுக்கு இல்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதேதான்.

அவள் கேஸ் என்று நினைத்ததில் தப்பே இல்லை. சமையல் எரிவாயுவுக்குத் தனக்கென்று ஒரு வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மங்களில் ஒன்றைத் துளியளவு கலக்கிறார்கள். 1937 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில், வாசனையில்லாத எரிவாயு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வாடை கலந்தே விநியோகிக்க வேண்டும் என்ற விதிகள் அதற்குப் பிறகுதான் பரவலாயின. ஸ்கங்க் பீய்ச்சும் திரவத்தில் இருப்பதும் இதே மெர்காப்டன் குடும்பம். தயோல் என்றும் சொல்வார்கள். நூறு கோடிப் பங்கு காற்றில் பத்துப் பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மரத்திலிருந்து இந்த வாடையை எடுக்க முனைகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எடுத்துவிட்டாலும் மிச்சமிருக்கும் ஒரு பங்கு வீட்டை நிரப்பப் போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம், இரவு பத்து மணி இருக்கும். பின்வாசல் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் ஸ்கங்க், பின்னால் நான்கு குட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிசகாமல் புல்வெளி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தன. கறுப்பு உடல், முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு, உடம்பளவுக்குப் புசுபுசுவென்று வால். பார்க்க அவ்வளவு அழகு. பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது எனக்கும் தெரியவில்லை, அந்தத் தாய்க்கும் தெரியவில்லை. பூனை படியிலிருந்து குதித்ததும் தாய் நின்றது. முன்னங்கால்களால் தரையைத் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. வாலைத் தூக்கியது. எடுத்த எடுப்பில் பீய்ச்சுகிற விலங்கு அல்ல அது. இத்தனை முறை எச்சரித்தது. பூனைக்குப் புரியவில்லை. தாய் உடம்பை வில்லாக வளைத்தது, முகமும் பின்புறமும் ஒரே திசையில் பார்க்கும்படி. அவ்வளவுதான். பூனை நின்ற இடம் எங்கள் கதவுக்கு நேர் முன்னால். பாதி அதன்மேல் பட்டது, மீதி கதவில், நிலைப்படியில், படிக்கட்டில், செருப்பு மாட்ட உட்காரும் மரப் பெஞ்சில்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவின் வெள்ளைப் பெயின்டில் கடுகளவு மஞ்சள் துளிகள். தாளிக்கும்போது சுவரில் தெறித்த எண்ணெய் போல மினுங்கின. ஒவ்வொன்றும் மெதுவாகக் கீழே வழிந்து, கதவின் அடி விளிம்புக்கு வந்து, அங்கே ஒன்றோடொன்று சேர்ந்து காணாமல் போயின. அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தும், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

தூரத்தில் சாலையோரம் வரும் ஸ்கங்க் வாடையை வைத்து, பக்கத்தில் வருவதை எடைபோட முடியாது. பக்கத்தில் அது வாடையாகவே தெரியாது. ரப்பர் எரிகிற நெடியும் அழுகிய பூண்டும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கிறது, கண் எரிகிறது, வயிறு புரட்டுகிறது. முடை நாற்றம் என்ற சொல் இருக்கிறதே, அதன் முழுப் பொருளும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

பதற்றத்தில் செய்த முதல் காரியம் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கதவில் வீசியது. அது தவறு. பீய்ச்சிய திரவம் எண்ணெய்ப்பசை உள்ளது, தண்ணீரில் கரையாது. தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய் விரிசல்களிலும் இடுக்குகளிலும் சேர்த்துவிட்டது. கிழிந்த பழந்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி வெளியே போட்டிருக்க வேண்டும். தேய்க்கவும் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். அடுத்து வினிகர் தெளித்தேன். கொஞ்சம் அடங்கியது போல இருந்தது. அது திருப்தி தராமல் ப்ளீச் பாட்டிலைக் கையில் எடுத்தபோது மனைவி தடுத்தாள். அவள் தடுத்தது எவ்வளவு நல்லது என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வினிகர் பட்ட இடத்தில் ப்ளீச் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு ப்ளீச் சேர்ந்தால் கிளம்புவது குளோரமைன், அதுவும் நுரையீரலுக்கு ஆகாது. வாடை தாங்காமல் கையில் கிடைத்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதுதான் இந்த விஷயத்தில் நிஜமான ஆபத்து. வாடை யாரையும் கொல்லாது, இது கொல்லலாம்.

அன்றிரவு தூங்கவில்லை, படித்தேன். பிறகு பல நாள் படித்தேன். எனக்குப் பிடிபட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் மரத்தில் கை வைத்தால் நான் செய்ததையே செய்வீர்கள்.

இந்தத் திரவத்தை வேதியியலாளர்கள் நூறு வருஷத்துக்கு மேல் ஆராய்ந்திருக்கிறார்கள். 1896ல் தாமஸ் ஆல்ட்ரிச் அதைப் பிரித்துப் பார்த்து எழுதினார். பியூட்டைல் மெர்காப்டன் என்ற பொருள்தான் இதில் முக்கியம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 1975ல் ஆண்டர்சனும் பெர்ன்ஸ்டீனும் அது இதில் இல்லவே இல்லை என்று காட்டினார்கள். 1990ல் கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் வுட் முக்கியமான ஏழு பொருள்களையும் வரிசைப்படுத்தினார். மூன்று தயோல்கள், அந்த மூன்றின் தயோஅசிட்டேட் வடிவங்கள், இவற்றோடு குவினோலின் என்ற நைட்ரஜன் சேர்ம வகையில் ஒன்று.

அந்த இரண்டாவது மூன்றுதான் என் கதையின் வில்லன். தயோல் ஆவியாகக்கூடியது, உடனே மூக்கைத் தாக்கும். தயோஅசிட்டேட் அப்படியல்ல. அதற்கு வாடை குறைவு, சும்மா கிடக்கும். ஆனால் ஈரம் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து தயோலாக மாறும். ஸ்கங்க் அடித்த நாயைக் குளிப்பாட்டி எல்லாம் சரியாகி, இரண்டு வாரம் கழித்து மழையில் நனைந்ததும் மறுபடி நாறுவது இதனால்தான். அழிந்த வாடை திரும்பி வரவில்லை. பிறக்காமல் இருந்த வாடை அப்போதுதான் பிறக்கிறது. இதைப் படித்ததும் என் மழைக்காலைக்கு விடை கிடைத்தது.

தயோலை மறைக்க முடியாது, மாற்றத்தான் முடியும். ஆக்சிஜனை ஏற்றினால் அதன் கந்தகப் பகுதி வேறு சேர்மமாகி, ஆவியாகும் குணத்தை இழந்து, தண்ணீரில் கரையும் பொருளாகிவிடும். இதற்கான எளிய கலவையை 1993ல் பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் வெளியிட்டார். ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடையை அடக்க அவர் பயன்படுத்திய முறையை, சகஊழியர் ஒருவரின் பூனை ஸ்கங்கிடம் மாட்டிக்கொண்டபோது மென்மையாக மாற்றிக் கொடுத்தார். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், கால் கப் சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. சோப்பு எண்ணெய்ப்பசையை இளக்குகிறது, சோடா காரத்தன்மை தந்து பெராக்சைடை வேகப்படுத்துகிறது, பெராக்சைடு வேலையை முடிக்கிறது. கலந்த கையோடு பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தை மூடி போட்டு எடுத்து வைக்கவே கூடாது. ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும். இதே காரணத்தால்தான் இந்தக் கலவை தயார்நிலையில் கடையில் கிடைப்பதில்லை.

கலவை சரி. ஆனால் அது நாய்க்கும் பூனைக்கும் எழுதப்பட்டது. மரம் ரோமம் இல்லை.

மரம் என்பது நெருக்கமாக அடுக்கி வைத்த உறிஞ்சுகுழல்களின் கட்டு. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து உச்சிவரை தண்ணீர் ஏறிய அதே குழல்கள், பலகையான பிறகும் திறந்தே இருக்கின்றன. பலகையின் மேல்பரப்பில் ஒரு துளி விட்டால் குழல்களின் பக்கவாட்டில்தான் படும், மெதுவாகத்தான் இறங்கும். குறுக்கே அறுத்த முனையில் அதே துளியை விட்டால் குழல்களின் வாய்க்குள்ளேயே போய்விடும், பல மடங்கு வேகமாக. காற்றில் ஈரம் ஏறினால் மரம் உப்பும், வறண்டால் சுருங்கும். உப்பிச் சுருங்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே போனதைக் கொஞ்சம் வெளியே விடும். துணியைத் துவைக்கலாம், கண்ணாடியைத் துடைக்கலாம். மரத்தோடு மட்டும் அதன் வேகத்துக்குத்தான் வேலை செய்ய முடியும்.

முதல் மூன்று வாரத்தில் நான் செய்ததெல்லாம் மேல்பரப்பில். அதுவும் வீண்போகவில்லை. கதவின் பெயின்ட் பூசிய பகுதி ஒரே கழுவலில் சரியானது, ஏனென்றால் நல்ல பெயின்ட் மேல் திரவம் மேலோடு நிற்கும். உள்ளே தரைப்பலகையும் வார்னிஷ் கெட்டியாக இருந்த இடத்தில் துடைத்ததும் விட்டது. பலகைகளின் இணைப்பு இடுக்கில் மட்டும் பழைய பல்துலக்கியால் கலவையைத் தொட்டுத் தொட்டு வைத்து, பத்து நிமிஷம் விட்டு ஒற்றி எடுத்தேன். தரையில் தண்ணீரைத் தேங்கவிட்டால் பலகை வளைந்துவிடும், கவனம்.

நிறம் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெராக்சைடு மரத்தை வெளுக்கும். சோடாவோ ஓக், வால்நட், சீடர் போன்ற துவர்ப்பு மிகுந்த மரங்களைக் கறுக்கவைக்கும். ஆணி இருக்கும் இடத்தில் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து கருநீலக் கறை விழும். கண்ணில் படாத ஒரு மூலையில் வைத்துப் பார்த்து, காய்ந்த பிறகு நிறம் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஈரமாக இருக்கும்போது எல்லா மரமும் அழகாகத்தான் இருக்கும்.

ஆக, எல்லாம் கழுவியும் மழை வந்தால் வாடை. ஆகஸ்டில் இன்னும் இரண்டு மழை, இரண்டு தடவையும் அதே கதை. மரவேலை செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பழைய மேசை நாற்காலிகளை உரித்துப் புதுப்பிப்பவர். வந்து கதவைத் தட்டிப் பார்த்தார், நிலையைத் தடவினார், என்னென்ன செய்தேன் என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

"கதவோட அடியைப் பாத்தியா தம்பி?"

"அடின்னா அண்ணே?"

"அடி விளிம்பு. தரையைப் பாத்து இருக்கிற பக்கம். அதுல யாரும் பெயின்ட் அடிக்கிறதில்ல. கண்ணுக்குத் தெரியாதில்ல. தண்ணி போற வழியெல்லாம் வாடையும் போகும்."

ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியைக் கதவுக்குக் கீழே நீட்டி டார்ச் அடித்தார். குனிந்து பார்த்தேன். மேலே பளபளவென்று வெள்ளைக் கதவு. அடியில் பெயின்டே படாத வெறும் மரம். கதவின் இரண்டு பக்கத்து நெட்டுச் சட்டங்களும் குறுக்கே அறுபட்ட முனையோடு தரையைப் பார்த்துத் திறந்து கிடந்தன. ரேகை வளையங்கள் வரைக்கும் தெரிந்தன. கீல் பக்கத்து முனையைவிடப் பூட்டுப் பக்கத்து முனை கொஞ்சம் மஞ்சளாக, ஈரம் காயாதது போலக் கறுத்திருந்தது. அந்த ஜூலை இரவில் துளிகள் வழிந்து சேர்ந்து காணாமல் போன இடம் அதுதான். அவை காணாமல் போகவில்லை, குடித்துவிட்டது மரம்.

மறுநாள் கீல் ஊசிகளைத் தட்டிக் கழற்றி, இருவருமாகக் கதவைத் தூக்கி வந்து வெளியே இரண்டு முக்காலிகளின்மேல் கிடத்தினோம். அடி விளிம்பில் மூக்கை வைத்தேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய இரவு அப்படியே இருந்தது.

அண்ணன் சொன்ன முறையில் எனக்குப் புதிதாகப் பட்டது ஒன்றுதான். வாடையை அடக்காதே, வரவழை என்றார். முதலில் வெந்நீரில் நனைத்த துணியை அந்த முனைகளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி அரைமணி நேரம் விட்டோம். அவிழ்த்தபோது கிட்டே நிற்க முடியவில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தயோஅசிட்டேட்டை ஈரமும் சூடும் எழுப்பிவிட்டன. எழும்பியதும் கலவை. துணியைக் கலவையில் நனைத்து முனைகளில் ஒட்டவைத்து, காயக் காயத் தூரிகையால் ஈரமாக்கிக்கொண்டே இருந்தோம், இருபது நிமிஷம். இந்தத் தடவை பிளாஸ்டிக் சுற்றவில்லை, ஆக்சிஜன் வெளியேற வழி வேண்டும். நுரை பொங்கி மஞ்சளாகி வழிந்தது. பிறகு சுத்தத் தண்ணீரால் துடைத்து நிழலில் நிறுத்திவைத்தோம்.

இதை அன்று ஒரு தடவை, இரண்டு நாள் காயவிட்டு இரண்டாவது, மறுபடி காயவிட்டு மூன்றாவது. மூன்றாவது தடவை வெந்நீர்த் துணியை அவிழ்த்தபோது வந்தது லேசான பூண்டு வாசனை மாதிரி ஒன்றுதான். அந்த ஆறு நாளும் பின்வாசலை ஒட்டுப்பலகையால் அடைத்து வைத்திருந்தோம். சிரமம்தான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மாதச் சிரமத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நடுவில் ஒரு விஷயம். வாடையோடு இருப்பவர்களின் மூக்கை நம்பக்கூடாது. ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். தக்காளிச் சாறு ஸ்கங்க் வாடையைப் போக்கும் என்ற நம்பிக்கை இப்படித்தான் பிறந்தது. தேய்க்கிறவரின் மூக்கு ஸ்கங்குக்கு மரத்துப்போயிருக்கும், தக்காளி புதிதாகத் தெரியும், போய்விட்டது என்று நினைப்பார். வெளியிலிருந்து அப்போதுதான் வருகிறவருக்கு இரண்டும் சேர்ந்து அடிக்கும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்து முகர்ந்து பார்த்தோம். காலையில் எழுந்ததும் மனைவிதான் முதலில் பார்ப்பாள், அவள் மூக்கு என்னுடையதைவிடக் கூர்மை. நறுமண ஸ்பிரே, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி எதையும் அந்த நாட்களில் வீட்டில் வைக்கவில்லை. உண்மை நிலவரம் தெரியாமல் போய்விடும். ஓசோன் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். ஓசோன் தயோலை மாற்றும், உண்மைதான். மூச்சுக்குழாயையும் சும்மா விடாது, ஆட்கள் இருக்கும் வீட்டில் அதை ஓட்டுவது சரியில்லை. மரத்தின் ஆழத்துக்கு அது போய்ச் சேர்வதும் கடினம்.

கதவு நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடும் வேலை. நான் ஜூலையிலேயே மூடியிருக்கக் கூடும். பெயின்ட் டப்பா கையில் இருந்தது, எல்லாவற்றின்மேலும் ஒரு பூச்சு அடித்துவிடலாமா என்று கேட்டவனும் நான்தான். அப்படி அடித்திருந்தால் வாடையை உள்ளே வைத்துப் பூட்டியிருப்பேன். ஒவ்வொரு மழைக்கும் அது ஏதாவது ஒரு விரிசல் வழியாக வந்துகொண்டே இருந்திருக்கும், பெராக்சைடும் இனி உள்ளே போக முடியாது. மூடுவது கடைசி வேலை, அதுவும் மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றிய பிறகு.

மூடுவதற்கு ஷெல்லாக் பிரைமர். தண்ணீர் சார்ந்த சாதாரண பிரைமரை வாடை ஊடுருவி வரும், மேலும் அதிலுள்ள தண்ணீரே மிச்சத்தை எழுப்பும். ஷெல்லாக் ஆல்கஹாலில் கரைந்தது, வேகமாகக் காயும், வாடையைத் தடுப்பதில் பெயர் பெற்றது. தீப்பிடித்த வீடுகளில் புகைநாற்றம் ஏறிய மரத்துக்கு இதைத்தான் பூசுகிறார்கள். ஷெல்லாக் வேறொன்றும் இல்லை, நம் அரக்குதான். மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரப்பதை உருக்கிச் சுத்தம் செய்தது. கடிதத்துக்கு முத்திரை வைத்த அதே பொருள் கதவின் அடிக்கும் முத்திரையாகிறது என்று அண்ணனிடம் சொன்னபோது அவர் தூரிகையை நிறுத்தாமலே தலையாட்டினார். அடி விளிம்பு, மேல் விளிம்பு, பூட்டுத் துளையின் உட்புறம் எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு. மேல் விளிம்பும் பெயின்ட் படாமல்தான் இருந்தது. உங்கள் வீட்டுக் கதவின் அடியையும் ஒருமுறை கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஸ்கங்க் வராவிட்டாலும் மழை வரும்.

படிக்கட்டின் கதை வேறு. அது வெளியே வெயிலிலும் பனியிலும் கிடக்கும் கரடுமுரடான மரம். அத்தனை பரப்புக்குப் பெராக்சைடு கட்டுப்படியாகாது. கட்டிடங்களுக்கும் திண்ணைகளுக்கும் ப்ளீச் தான் வழக்கம், அதுவும் தயோலை ஆக்சிஜனேற்றம் செய்வதுதான். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச், காற்றோட்டமான நாளில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாக அலசிய பிறகே ஊற்றினேன், வேறு எதனோடும் கலக்காமல். பத்து நிமிஷம் கழித்து நிறைய தண்ணீர் விட்டு அலசினேன். ப்ளீச் அதிக நேரம் நின்றால் மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பொருளைத் தின்றுவிடும், மேல்பரப்பு பஞ்சு பஞ்சாகக் கிளம்பும். சுற்றியிருக்கும் செடிகளை முதலிலேயே தண்ணீரால் நனைத்துவிடுங்கள், பட்டாலும் கருகுவது குறையும்.

உப்புத்தாள் போட்டு இழைத்துவிடலாமே என்று தோன்றும். புது மரமாக இருந்தால் செய்யலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2003ஆம் ஆண்டு முடியும்வரை வீட்டுத் திண்ணைகளுக்கு வந்த பதப்படுத்திய மரத்தில் பெரும்பாலும் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கிறது. அதை இழைத்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், மண்ணிலும் விழும். உங்கள் படிக்கட்டின் வயது தெரியாவிட்டால் இழைக்காதீர்கள். நான் இழைக்கவில்லை. மூன்று முறை கழுவலும் ஒரு செப்டம்பர் மாத வெயிலும் போதுமாயிருந்தது.

அந்தத் தாய் மறுபடி வந்தாளா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வந்தாள். எங்கள் படிக்கட்டுக்கு அடியிலேயே அவளுடைய வளை இருந்ததை ஆகஸ்டில்தான் கண்டுபிடித்தோம். பிடித்துக் கொண்டுபோய்விடச் சொன்னார்கள், அம்மோனியா ஊற்றச் சொன்னார்கள், இன்னும் மோசமானதையும் சொன்னார்கள். குட்டிகள் உள்ளே இருக்கும்போது தாயை வெளியே போட்டு அடைத்தால் அவை பட்டினியில் சாகும். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான், பூனை தன் குட்டிகளை நெருங்கக் கூடாது. கேட்க வேண்டிய முறையில் மூன்று தடவை கேட்டாள். இலையுதிர்காலத்தில் குட்டிகள் வளர்ந்து தனித்தனியே பிரிந்து போகும்வரை இரவில் பின்வாசல் பக்கம் போவதைத் தவிர்த்தோம், போனால் விளக்கைப் போட்டு, சத்தம் கொடுத்துவிட்டுப் போனோம். அக்டோபரில் வளையின் வாயில் காகிதத்தைச் சுருட்டி வைத்து, நான்கு இரவு அது அசையாமல் இருந்ததைப் பார்த்த பிறகு, கம்பிவலையை மண்ணுக்குள் ஓரடி ஆழம் புதைத்து, அடியை வெளிப்பக்கமாக வளைத்து மூடினேன். தோண்டும் விலங்கு சுவரோரமாகத்தான் தோண்டும், வளைந்த வலை காலில் தட்டுப்பட்டதும் விட்டுவிடும்.

கதவை மாட்டிய பிறகு வந்த முதல் மழைக்கு நானும் மனைவியும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் பின்வாசலுக்கு வந்தோம். குனிந்து பார்த்தோம். ஈர மரமும் கொஞ்சம் பெயின்டும், வேறு ஒன்றும் வரவில்லை. கதவைத் திறந்து நிலைப்படியிலும் பார்த்தாள். "இல்லங்க" என்றாள்.

பெஞ்சைத்தான் முழுசாக மீட்க முடியவில்லை. நானே பைன் மரத்தில் செய்தது, அப்படியே இருக்கட்டும் என்று எண்ணெய்கூடப் பூசாமல் விட்டிருந்தேன். உட்காரும் பலகை சரியாகிவிட்டது, மூன்று கால்கள் சரியாகிவிட்டன. நான்காவது காலின் உச்சி பலகைக்குள் செருகியிருக்கும் மூட்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் பசை போட்டு இறுக்கியிருக்கிறேன், பிரிக்காமல் கலவை உள்ளே போகாது, பிரித்தால் கால் உடையும். கொட்டகையின் வெளிச்சுவரோரம், மழையும் வெயிலும் படும்படி போட்டு வைத்திருக்கிறோம். போன வாரம் தூறல் நின்றதும் போய் அந்த மூட்டில் மூக்கை வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போன மாதத்தைவிடக் குறைவு.